கடைசி நொடி ஏலமும் அதற்குரிய கட்டணமும்

நம் ஊர்களில் நடைபெறும் பொது ஏலத்தில் கடைசி நொடி என்று ஒன்று கிடையாது. "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூறிய பின்னரும் எவரேனும் விலையை உயர்த்தினால், ஏலம் விடுபவர் மீண்டும் முதல் தரத்திலிருந்து தொடங்குவார். இணையத்தின் வாயிலாக நடைபெறும் ஈபே ஏலத்திலோ நிலைமை வேறு. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய அந்த ஏலச் சந்தையில், ஒவ்வொரு பொருளுக்கும் முடிவு நேரம் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். அந்நொடி வந்ததும் ஏலம் முடிந்துவிடும். பிறகு எத்தனை டாலர் தருவதாகச் சொன்னாலும் பயனில்லை. இந்த ஒரு விதியே, முடிவுக்குச் சில நொடிகள் இருக்கையில் நமக்காக விலை கேட்கும் தானியங்கிச் சேவைகள் பிறக்கக் காரணமாயிற்று. பதுங்கியிருந்து சுடுவதற்கு ஒப்பிட்டு இதனை 'ஸ்னைப்பிங்' என்பர்.

இச்சேவைகள் நமக்கு விற்பது நேரத்தையே அன்றி மலிவான விலையை அன்று. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். அமெரிக்காவில் ஒருவர் பழைய மேசைத் தறி ஒன்றை ஏலத்துக்கு விட்டிருக்கிறார் என்று கொள்வோம். திரையில் தெரியும் விலை 46 டாலர். முன்னணியில் இருப்பவர் 80 டாலரைத் தம் உச்ச விலையாக ஈபேயிடம் இரகசியமாகக் கொடுத்திருக்கிறார். அவர் சார்பாகத் தேவையான அளவுக்கு மட்டும் ஈபேயே விலையை உயர்த்திக்கொண்டு வரும். நீங்கள் சேவையிடம் 120 டாலர் என்று எழுதி வைக்கிறீர்கள். கடைசி ஆறாவது நொடியில் அது உங்கள் கேள்வியைச் செலுத்துகிறது. தறி உங்களுக்கு 81 டாலருக்குக் கிடைக்கும்; 120 டாலருக்கு அன்று. அமெரிக்கத் தளத்தில் 25 டாலர் முதல் 100 டாலருக்குள் உயர்வுப் படி 1 டாலராகும். ஆனால் எதிராளி 130 டாலர் கொடுத்து வைத்திருந்தால், எந்த நொடியில் கேட்டாலும் தறி அவருக்கே போகும். அப்பொழுது அவர் 122.50 டாலர் கொடுக்க நேரிடும், அவ்வளவே.

அப்படியாயின் காத்திருப்பானேன்? மனிதர் மனமே காரணம். தம்மை ஒருவர் முந்திவிட்டார் என்று கண்டதும் மேலும் ஐந்து, மேலும் பத்து என்று ஏற்றுவோர் பலர். கடைசி நொடியில் கேட்டால் அவர்களுக்கு அவகாசம் இராது. மேலும், பழம்பொருள்களில் தேர்ச்சி பெற்றவர் முன்கூட்டியே கேட்டால், "இவர் கேட்கிறார் என்றால் சரக்கு உயர்ந்ததுதான்" என்று பிறர் ஊகித்துவிடுவர். ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்கே கடைசி நேரக் கேள்விகள் மிகுதி என்று கண்டனர். அக்காலத்தில் அமேசான் நடத்திவந்த ஏலத்தில், இறுதி 10 நிமிடங்களுக்குள் எவரேனும் கேட்டால் நேரம் தானே நீளும். அங்கே கடைசி நேரக் கேள்விகள் மிகவும் குறைவாக இருந்தன. நம் நாட்டு வங்கிகள் அடமானச் சொத்துக்களை மின் ஏலம் விடும் அறிவிப்புகளிலும் இத்தகைய நீட்டிப்பு விதி சாதாரணமாகக் காணப்படும். அங்கே கடைசி நொடித் தந்திரம் செல்லாது. சரக்கை விற்பவர் நாமாக இருந்தால், நீட்டிப்பு உள்ள ஏலமே நமக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

கட்டணத்துக்கு வருவோம். வென்றால் மட்டும் விலையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பெறுவன சில. மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா கேட்பன சில. இலவசமாகவே செய்வனவும் உண்டு. கணக்கு எளிது. நூற்றுக்கு ஒன்று எனில் மேற்கண்ட தறிக்கு 81 சென்ட் ஆகும். ஆண்டுச் சந்தா 12 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டில் 1,200 டாலருக்கு மேல் வாங்குபவருக்கே சந்தா ஆதாயம். ஆண்டுக்கு ஒரு பொருள் வாங்குபவர் எதற்காகச் சந்தா கட்டவேண்டும்? குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்க. சிறு பொருள்களுக்கு அதுவே விகிதத்தைக் கெடுத்துவிடும். சேவைக் கட்டணம், கப்பல் அல்லது விமானக் கூலி, சுங்கவரி யாவற்றையும் முதலில் கழித்து, எஞ்சுவதையே உச்ச விலையாக எழுதவேண்டும். ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டபடியால், அதில் நாம் வாங்குவது எல்லாம் அயல்நாட்டுச் சரக்கே. கூலி சில சமயம் சரக்கின் விலையையே மிஞ்சும். சங்கத்துக்காக வாங்குவதாயின், அந்த உச்ச விலையை நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுதிவிடுவது தணிக்கைக்கும் நல்லது, மன உறுதிக்கும் நல்லது.

உச்ச விலையை முழு எண்ணாக எழுதுதல் ஆகாது. இருவர் ஒரே தொகையைக் கொடுத்திருந்தால் முன்னர் கேட்டவருக்கே பொருள் சேரும். கடைசியில் வருபவர் எப்பொழுதும் பின்னவரே. ஆகவே 120 என்பதைவிட 121.37 மேல். நொடியையும் மிகக் குறைத்தல் கூடாது; ஒன்று இரண்டு நொடிகள் வைத்தால், செய்தி போய்ச் சேருமுன் ஏலம் முடிந்துவிடக்கூடும்.

என் மதிப்பில் இச்சேவைகளின் மெய்யான பயன் வேறொன்றாகும். ஒரே மாதிரியான மூன்று தறிகள் ஏலத்தில் இருந்து, நமக்கு ஒன்றே போதுமென்றால், மூன்றையும் ஒரு தொகுதியாகக் குறித்து வைக்கலாம். ஒன்று கிடைத்தவுடன் மற்றவை தாமே இரத்தாகும். நாமே நேரில் மூன்றிலும் கேட்டிருந்தால் மூன்றும் நம் தலையில் விழலாம்; வென்ற கேள்விக்குப் பணம் செலுத்துவது கடமை. ஆனால் இரு ஏலங்கள் சில நொடி இடைவெளியில் முடிவுறுமானால், முதல் முடிவு தெரியுமுன் இரண்டாவது கேள்வியும் போய்விடும். அத்தகையவற்றை ஒரே தொகுதியில் சேர்க்கலாகாது.

இறுதியாக ஓர் இடர். நமக்காக விலை கேட்க வேண்டுமாயின், நம் ஈபே கணக்கில் நுழையும் உரிமையைச் சேவைக்குத் தரவேண்டும். சில சேவைகள் கடவுச்சொல்லையே கேட்கின்றன. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை முன்பின் அறியாதவரிடம் கொடுப்பதற்கு இது சற்றே குறைந்தது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் பயன்படுத்தாத தனிக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மாற்றிவிடுக. சேவையின் இயந்திரம் பழுதுற்றுக் கேள்வி போகாமற் போனால், பொதுவாக எவரும் நஷ்டஈடு தருவதில்லை. தவறவிடக்கூடாத பொருளாயின், உச்ச விலையை நேரே ஈபேயிடமே முன்னதாகக் கொடுத்துவிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.