அறாத இணைப்பு

நுழையும்முன்

அறிஞர் கூடும் அரங்கில் விளக்கு எரிய வேண்டும். ஒலிவாங்கி பழுதின்றி இயங்க வேண்டும். குடிநீர் இருக்க வேண்டும். இவற்றை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இணைய இணைப்பும் இன்று இவ்வரிசையில் சேர்ந்துவிட்டது. எனினும் பல கருத்தரங்குகளில் இணைப்பு என்பது பெயரளவில் இருக்கிறது. வேண்டிய வேளையில் கைவிட்டுவிடுகிறது. ஆய்வு மாநாடுகளுக்கு உறுதியான இணைப்பு எதற்காக வேண்டும், அது ஏன் அறுபடுகிறது என்பவற்றை இப்பகுதி விளக்குகிறது.

விடுதிக்குள் வந்த தொலைபேசிக் கம்பி

1991ஆம் ஆண்டு திசம்பர் மாதம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரில், மீயுரை பற்றிய ஆய்வு மாநாடு ஒன்று நடைபெற்றது. ஓர் ஆவணத்தின் சொல்லிலிருந்து மற்றோர் ஆவணத்திற்குத் தாவிச் செல்ல வழிசெய்யும் உரைமுறையே மீயுரை. செனீவாவை அடுத்துள்ள செர்ன் என்னும் அணுக்கரு ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு லீ, தம் கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி அம்மாநாட்டிற்குக் கட்டுரை அனுப்பியிருந்தார். கட்டுரை ஏற்கப்படவில்லை. செய்துகாட்டுவதற்கு மட்டும் ஓர் இடம் கொடுத்தனர். அக்கண்டுபிடிப்பின் பெயர் உலகளாவிய வலை.

பெர்னர்சு லீயும் உடன் பணியாற்றிய இராபர்ட் கைலியோவும் கணினியோடு வந்து சேர்ந்தபோது, மாநாடு நடைபெற்ற விடுதியில் இணைய இணைப்பே இல்லை என்பது தெரியவந்தது. வலையைச் செய்துகாட்ட வந்தவர்க்கு இணையம் இல்லை! விடுதி மேலாளரிடம் பேசி, தொலைபேசிக் கம்பி ஒன்றைக் காட்சிக்கூடத்திற்குள் இழுத்துவரச் செய்தனர். அந்நகரப் பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொண்டு, அதன் வழியாக இணையத்தில் நுழைய இசைவு பெற்றனர். அதன்பின் இன்னொரு தடை குறுக்கிட்டது. அவர்கள் கொண்டுவந்த சுவிட்சர்லாந்து மோடம் அமெரிக்க மின்னழுத்தத்திற்குப் பொருந்தவில்லை. 110 வோல்ட்டுக்கு உரிய மின்னிணைப்பியை வாங்கினால், அதன் செருகி மோடத்தில் நுழையவில்லை. விடுதியிலேயே பற்றவைக்கும் கருவியை இரவல் பெற்று, மோடத்தைப் பிரித்துக் கம்பியை நேரடியாகப் பற்றவைத்தனர். இணைப்பு கிடைத்தது, வலை இயங்கியது.

அன்று பார்வையாளர் கண்டது, அரங்கிலிருந்து கடல் கடந்து தொலைவில் உள்ள கணினியின் பக்கங்கள் தம் எதிரே திறப்பதை. ஏற்கப்படாத கட்டுரையால் உணர்த்த முடியாததை இயங்கும் இணைப்பு உணர்த்தியது. அந்தக் கம்பி வந்திராவிட்டால், அவர்கள் வெறும் திரையைக் காட்டி வாயால் விளக்கியிருக்க வேண்டும். கேட்டவர் எத்தனை பேர் நம்பியிருப்பர்?

அவையின் வேலை

ஆய்வு மாநாடு என்பது கட்டுரை படிக்கும் இடம் மட்டும் அன்று. சொன்னதை அங்கேயே சோதித்துப் பார்க்கும் இடம். இது தமிழ் மரபிற்குப் புதிதன்று. நிலந்தரு திருவிற்பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் கூறுகிறது. அவையில் வினா எழும். விடை கூற வேண்டும். ஐயம் தீர்ந்த பின்னரே நூல் ஏற்கப்படும்.

இன்றைய கருத்தரங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஆய்வு மாணவி ஒருவர், குறிப்பிட்ட ஒரு சொல் சங்க இலக்கியத்தில் எங்கும் பயிலவில்லை எனக் கூறி, அதன்மேல் தம் முடிவை எழுப்புகிறார். அவையில் அமர்ந்திருக்கும் முதிய பேராசிரியர், அச்சொல்லை அகநானூற்றில் கண்ட நினைவிருப்பதாகச் சொல்கிறார். பாட்டு எண் அவர் நினைவில் இல்லை. முற்காலத்தில் இவ்வழக்கு அவ்விடத்திலேயே நின்றுபோகும். நூலகம் சென்று புரட்டிப் பார்ப்பதற்குள் மாநாடு முடிந்துவிடும். இருவரும் வெவ்வேறு ஊர்களுக்குத் திரும்பிவிடுவர்.

இன்று நிலைமை வேறு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பதிப்புகளாக இணையத்தில் ஏற்றிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் உள்ளது. அரை நிமிடத்தில் சொல்லைத் தேடிவிடலாம். பேராசிரியர் நினைவு சரியா, மாணவியின் கூற்று சரியா என்பது அவையோர் முன்னிலையிலேயே தெளிந்துவிடும். மின்பதிப்பில் பிழை இருக்கக்கூடும் என்பதால் அச்சுப் பதிப்போடு ஒப்பிட வேண்டும் என்பது வேறு செய்தி. ஆனால் எங்கே ஒப்பிடுவது என்பதாவது உடனே தெரிந்துவிடும்.

இணைப்பு அந்த அரை நிமிடத்தில் அறுபட்டால் நேர்வது என்ன? அமர்வுத் தலைவர் மணியைப் பார்ப்பார். அடுத்த கட்டுரையாளர் அழைக்கப்படுவார். ஐயம் ஐயமாகவே நிற்க, கட்டுரை கருத்தரங்கத் தொகுப்பில் அச்சேறும். பின்னர் வருவோர் அதனை மேற்கோள் காட்டுவர். ஒரு தவறு நூலேறிவிட்டால் அதனை இறக்குவது எளிதன்று.

கருத்தரங்கில் இணையம் இருந்தால் அவையோர் உரையைக் கேளாமல் திறன்பேசியில் மூழ்கிவிடுவர் என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், உரை சுவைக்காதபோது சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தோரும், பகலுணவுக்குப் பிந்தைய அமர்வில் கண்ணயர்ந்தோரும் இணையத்திற்கு முன்னரும் இருந்தனர். அவர்களுக்காக இணைப்பைத் துண்டித்தால், தேடிப் பார்க்க விழைவோர்க்கே இழப்பு.

கூட்டம் கூடினால் அலை திணறும்

மாநாட்டிற்கு முந்தைய நாள் மாலை, அமைப்பாளர் வெற்று அரங்கில் நின்று இணைப்பைச் சோதிக்கிறார். காணொலி தடையின்றி ஓடுகிறது. மறுநாள் முந்நூறு பேர் வந்து அமர்ந்ததும், மின்னஞ்சல்கூடத் திறக்க மறுக்கிறது. இணைய நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று சினம் எழுகிறது. பெரும்பாலும் குற்றம் வெளியிலிருந்து வரும் கம்பியில் இல்லை. அரங்கின் காற்றில் இருக்கிறது.

அருகலை எனப்படும் வைஃபை, வானொலி அலையால் இயங்குவது. ஒரே தடத்தில், ஒரே இடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருந்து, காற்று ஓய்ந்திருக்கிறதா எனக் கேட்ட பின்னரே பேசும். பட்டிமன்ற மேடையில் ஒருவர் பேசி அமர்ந்த பின்னரே அடுத்தவர் எழுவதைப் போன்றது இது. பத்துப் பேர் இருந்தால் முறை விரைவில் வரும். முந்நூறு பேர், ஒவ்வொருவர் கையிலும் திறன்பேசி, பலர் மடியில் கணினி என்றால், அறுநூறு கருவிகள் முறைக்குக் காத்திருக்கும். இரண்டு கருவிகள் ஒரே நொடியில் வாய்திறந்தால் இரண்டின் பேச்சும் கெடும். இரண்டும் மீண்டும் முயலும். அதனால் நெரிசல் மேலும் பெருகும்.

பழைய கருவிகள் பலவும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்சு அலைக்கற்றையில், ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. 5 கிகாஹெர்ட்சு அலைக்கற்றையில் தடங்கள் மிகுதி. ஆதலால் கருவிகளை அதன்பால் திருப்பிவிடுவது நன்று. மனித உடலில் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலைகளை உறிஞ்சும். வெற்று அரங்கில் எட்டிய அலை நிறைந்த அரங்கில் எட்டாமைக்கு இதுவும் ஒரு காரணம். முந்தைய நாள் சோதனை பொய்த்துப்போவதில் வியப்பில்லை.

இக்குறைபாடு எளியோர் அரங்கில் மட்டும் நேர்வதன்று. 2010ஆம் ஆண்டு சூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில், மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டில் ஐஃபோன் 4 திறன்பேசியை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையிலேயே இணையப் பக்கம் ஒன்றைத் திறக்க முடியாமல் நின்றார். அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் இயங்குவதாக அறிவித்து, அவற்றை நிறுத்துமாறு அவையோரை வேண்டிக்கொண்டார். வந்திருந்தோர் பலர் தத்தமக்கெனச் சிறு இணைப்புக் கருவிகளைக் கொண்டுவந்திருந்தனர். ஒவ்வொருவரும் தமக்கு நல்ல இணைப்பு வேண்டும் என்று செய்த ஏற்பாடு எல்லோருடைய இணைப்பையும் கெடுத்தது.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்கப்பட வேண்டும். சிறு அலுவலகத்திற்கென அமைந்த வழிச்செலுத்தி, வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 250 முகவரிகளையே வழங்கும். காலையில் வந்து சென்றவர்களின் முகவரிகளையும் அது பல மணி நேரம் விடாமல் பிடித்து வைத்திருக்கும். பிற்பகலில் வருபவர்க்கு அலை முழுமையாகக் காட்டும். இணையம் மட்டும் வாராது. அவர் தம் கருவியையே பழிப்பார்.

முன்னேற்பாடு

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மேடையில் உரையாற்றுவோர் கணினிக்கும், நேரலை ஒளிபரப்பும் கணினிக்கும் அருகலையை நம்பாமல் கம்பி வழி இணைப்பைத் தர வேண்டும். எல்லாவற்றுள்ளும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. பலர் இறுதிவரை எண்ணாததும் இதுவே. ஆற்றல் மிக்க அணுகுகருவி ஒன்றை அரங்கின் உச்சியில் பொருத்துவதைவிட, ஆற்றல் குறைத்த கருவிகள் பலவற்றைப் பரவலாக அமைப்பது சிறந்தது. பெரிய விளையாட்டு அரங்குகளில் இருக்கைகளுக்கு அடியிலேகூட இவற்றை வைப்பதுண்டு. உடல்கள் அலையைத் தடுப்பதால் ஒரு பகுதியின் அலை மறுபகுதியில் சென்று மோதுவதில்லை. முகவரிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அவற்றை வைத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.

நேரலைக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படுவதோ பெரும்பாலும் பதிவிறக்க வேகம். இரண்டும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் பலர். மின்தடையும் கருதத்தக்கது. மின்னாக்கி சில நொடிகளில் விளக்கை எரியச் செய்துவிடும். ஆனால் அணைந்த வழிச்செலுத்தி மீண்டும் எழுந்து இணைப்பைப் பெறச் சில நிமிடங்கள் ஆகும். பதினைந்து நிமிட உரையில் அது பெரும்பங்கு. வழிச்செலுத்திக்கும் தடையில்லா மின்வழங்கி ஒன்றை இணைத்துவிட்டால் இவ்விடர் இல்லை.

வெளியூரிலிருந்து வருவோர் ஒவ்வொருவர்க்கும் கடவுச்சொல் எழுதிக் கொடுக்கும் தொல்லையைத் தீர்க்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இணைந்து எடுரோம் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கின. ஒருவர் தம் கல்வி நிறுவனத்தில் பெற்ற பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே, இதில் சேர்ந்துள்ள எந்நாட்டு நிறுவனத்திலும் இணையம் பெறலாம். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவருடைய சொந்த நிறுவனமே. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது வழக்கில் உள்ளது. இந்தியாவில் எர்நெட் அமைப்பு இதனை நடத்துகிறது.

அரங்கிற்கு வர இயலாதோர்

1992ஆம் ஆண்டு மார்ச் மாதம், இணையப் பொறியாளர் பணிக்குழு சான் டியாகோ நகரில் கூடியது. அங்கு நிகழ்ந்த உரைகளின் ஒலி, இணையம் வழியே மூன்று கண்டங்களில் இருந்த 20 இடங்களுக்கு நேரலையாகச் சென்றது. படம் இல்லை, குரல் மட்டுமே. இன்றும் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. காணொலி வேண்டும் தரவில் மிகச் சிறு பகுதியே குரலுக்குப் போதும். இணைப்பு தளரும்போது படத்தை அணைத்துக் குரலைக் காத்தால், உரை தொடரும். முகம் தெரியவேண்டும் என்று அமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால் இரண்டும் போய்விடும்.

பயணச்செலவு, நுழைவிசைவு, உடல்நிலை, குழந்தை வளர்ப்பு எனப் பல காரணங்கள் ஆய்வாளரை அரங்கிலிருந்து விலக்கி நிறுத்துகின்றன. 2018ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியால் நகரில் செயற்கை நுண்ணறிவு பற்றிய பெரிய மாநாடு நடைபெற்றபோது, ஆப்பிரிக்க ஆய்வாளர் பலர்க்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டது. கட்டுரை ஏற்கப்பட்டும் வாயில் திறக்கவில்லை. இத்தகைய இடர்ப்பாடுகளைக் கருதி, அத்துறையின் மற்றொரு மாநாடான ஐ.சி.எல்.ஆர். 2020ஆம் ஆண்டு எத்தியோப்பியத் தலைநகர் அடிசு அபாபாவில் கூடுவதாக முடிவாயிற்று. பெருந்தொற்று அதனையும் தடுத்தது. மாநாடு முழுமையும் இணையத்திற்கு மாறியது.

அமைப்பாளர் அப்போது எல்லா உரைகளையும் நேரலையாக நடத்த முற்படவில்லை. உரைகள் முன்னரே பதிவுசெய்யப்பட்ட காணொலிகளாக வைக்கப்பட்டன. இணைப்பு மெலிந்த ஊரில் இருப்பவர் தமக்கு வாய்த்த நேரத்தில் அவற்றைக் காணலாம். தடைப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நேரலை என்பது வினா விடைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. எழுத்து உரையாடலுக்கும் இடம் இருந்தது. நாலு வரி வினாவை அனுப்ப மிக மெல்லிய இணைப்பும் போதும். விலக்கப்பட்டோர் வருவதற்கென ஆப்பிரிக்காவிற்குச் சென்ற மாநாடு, அவர்கள் அனைவரையும் வீட்டு இணைப்பின் தயவில் விட்டது என்பதும் மறுக்கவியலாதது. 2023ஆம் ஆண்டு மே மாதம் அம்மாநாடு மீண்டும் ஆப்பிரிக்காவிற்கு வந்தது. உருவாண்டாவின் கிகாலி நகரில் ஆய்வாளர்கள் நேரில் கூடினர். வர இயலாதோர் இணையம் வழியே பங்கேற்றனர்.