வகுப்பு உண்டா, இல்லையா? ஹோம்கமிங் வாரம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

அக்டோபர் பிறந்துவிட்டால், அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய வீடுகளில் ஒரு குழப்பம் வரும். வீடியோ காலில் பையன் கன்னத்தில் கறுப்பும் மஞ்சளுமாகச் சாயம் பூசிக்கொண்டு நிற்பான். பின்னால் பேண்டு சத்தம் காதைப் பிளக்கும். “ஹோம்கமிங் வாரம்ப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவான். 2023-24 கல்வியாண்டில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் அங்கே படித்தார்கள். அந்த வீடுகளில் எழக்கூடிய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

இது என்ன பண்டிகை? காலேஜுக்கு லீவு விட்டுவிடுவார்களா?

லீவு கிடையாது. வகுப்பும் நடக்கும், தேர்வும் நடக்கும். பல இடங்களில் பருவத்தின் நடுவே வரும் தேர்வுகள் விழுவதே அந்தச் சமயத்தில்தான். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள், சொந்த மைதானத்தில் ஆடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களில் ஒன்றைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும். அந்தச் சனிக்கிழமையில் முடிகிற வாரம்தான் ஹோம்கமிங் வாரம். ஆட்ட அட்டவணையை ஒட்டி வருவதால் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். படித்து முடித்துப் போனவர்கள் திரும்பி வருவார்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் வரவேற்பார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பஸ் பிடித்து வந்து சேர்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

யார் ஆரம்பித்து வைத்தது?

இதில் பெரிய பங்காளிச் சண்டையே உண்டு. அதிகமாகச் சொல்லப்படும் பெயர் மிசௌரி பல்கலைக்கழகம். மிசௌரிக்கும் பக்கத்து மாநிலமான கன்சாஸுக்கும் 1891 முதல் ஃபுட்பால் பகை. ஆட்டம் பெரும்பாலும் கன்சாஸ் சிட்டி என்ற பெரிய நகரத்தில் நடக்கும். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து குவிவார்கள், வசூலுக்குக் குறைவில்லை. 1911-ல் விதி மாறியது: இனி ஆட்டங்களைக் கல்லூரி வளாகத்திலேயே நடத்த வேண்டும். மிசௌரியின் வளாகம் இருந்த கொலம்பியாவோ சின்ன ஊர். கூட்டம் வருமா என்ற கவலை. அங்கே பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளராகவும் இருந்த செஸ்டர் புரூவர், பழைய மாணவர்களையெல்லாம் “வீட்டுக்கு வாருங்கள்” என்று அழைத்தார். நவம்பர் 25 அன்று ஒன்பதாயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஆட்டம் 3-3 என்று வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது.

கன்சாஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊரான லாரன்ஸில் ஆயிரம் பேருக்கு மேல் கடைத்தெருவில் கூடினார்கள். கொலம்பியாவிலிருந்து தந்தியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் வைத்து, ஆட்டத்தின் போக்கைப் பலகையில் நகர்த்திக் காட்ட ஏற்பாடு. கண்ணெதிரே ஆட்டம் நடப்பது போலக் கூச்சல் போட்டார்களாம். நேரடி ஒளிபரப்புக்கு அன்றே இருந்த பசி அது.

டெக்ஸஸில் உள்ள பேய்லர், 1909-லேயே தாங்கள் நடத்திவிட்டதாகச் சொல்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகம் 1910 என்கிறது. தீர்ப்புச் சொல்ல நமக்கு அவசியமில்லை. படித்தவர்கள் ஊர் ஊராகச் சிதறிவிட்டார்கள், ரயில் வசதி வந்துவிட்டது, ஃபுட்பால் மோகமும் ஏறிவிட்டது. மூன்றும் சேர்ந்தால் இந்த யோசனை ஒரே சமயத்தில் பல பேருக்கு வரத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது வேறு: மைதானத்தை நிரப்பச் செய்த ஏற்பாடு, நூறு வருஷத்துக்கு மேலாகியும் பண்டிகையாக நிற்கிறது.

ஃபுட்பால் விதியே தெரியாத பிள்ளை அங்கே போய் என்ன செய்வான்?

நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. முதல் நாளுக்கு இது போதும். கடிகாரத்தில் 60 நிமிஷ ஆட்டம், நிறுத்தி நிறுத்தி மூன்றரை மணி நேரம் ஓடும். நடுவே இடைவேளையில் பேண்டு வாத்தியக் குழு இறங்கும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

மைதானத்துக்கு வெளியே நடப்பதுதான் சுவாரஸ்யம் என்பது என் கட்சி. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டில்வாட்டரில், ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி எனப்படும் மாணவர் சங்க வீடுகளின் முன்னால் பிரம்மாண்டமான அலங்காரப் பலகைகள் எழும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோணக் கம்பிவலையை எடுத்து, ஒவ்வொரு கண்ணிலும் வண்ண டிஷ்யூ காகிதத் துண்டை விரலால் அழுத்திச் செருகுவார்கள். எந்தக் கண்ணில் எந்த நிறம் என்று முன்கூட்டியே வரைந்திருக்கும். ராத்திரி ராத்திரியாக, வாரக்கணக்கில் இந்த வேலை. வெள்ளிக்கிழமை மாலை தெருக்களை அடைத்துவிட்டு ஊரே நடந்து நடந்து பார்க்கும். மிசௌரியில் இந்தப் பருவத்தில் நடக்கும் ரத்த தான முகாம், அந்த நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று.

நம் பிள்ளைகளில் பலர் முதுநிலை படிக்கப் போனவர்கள். அந்தச் சங்க வீடுகளோடு அவர்களுக்கு ஒட்டுறவு இராது. அவர்களுக்கு உருப்படியானது, துறைகள் நடத்தும் பழைய மாணவர் சந்திப்பு. வேலையில் இருப்பவர்கள் வருவார்கள், பேச்சுக் கொடுக்கலாம். காகிதத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையில் சுயவிவரத் தாளைத் திணிக்காமல் இருந்தால் சரி.

ராஜா, ராணி தேர்வு என்கிறார்களே, அழகிப் போட்டியா?

இன்று அப்படிச் சொல்ல முடியாது. விண்ணப்பம், நேர்காணல், சேவைப் பணி, படிப்பு எல்லாம் பார்த்து வடிகட்டி, கடைசியில் மாணவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ராஜா, ராணி என்ற பட்டங்களையே எடுத்துவிட்டு, ஆண் பெண் பேதமில்லாத பொதுப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகங்களும் பெருகிவிட்டன.

ஆனால் இந்தக் கிரீடத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு, 1867-ல் தொடங்கிய கறுப்பின மக்களின் பல்கலைக்கழகம். அங்கேகூட, முடியை இஸ்திரி போட்டது போல நீட்டிக்கொண்ட, நிறம் சற்று வெளுத்த பெண்களுக்கே ராணிப் பட்டம் போவது வழக்கமாக இருந்தது. 1966-ல் ராபின் கிரெகரி என்ற மாணவி, சுருட்டை முடியை அப்படியே ஆஃப்ரோவாக விட்டுக்கொண்டு போட்டியில் நின்றார். கறுப்பின உரிமையைப் பேசித்தான் ஓட்டுக் கேட்டார். முடிவை அறிவிக்கும் நேரம், அவர் முகம் தெரிவதற்கு முன்பே விளக்கொளியில் அந்தத் தலைமுடியின் நிழல் திரையில் விழுந்தது. அரங்கமே அதிர்ந்தது என்று அன்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் துளசேந்திரபுரத்தில் தாய்வழி வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 1986-ல் பட்டம் வாங்கியதும் இதே ஹோவர்டில்தான்.

கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் ஹோம்கமிங்குக்கு ஒரு தனி வேகம் உண்டு. பேண்டுக் குழுக்களின் போட்டியும், காலால் தாளம் தட்டி ஆடும் ஆட்டமுமாக ஊரே திரண்டிருக்கும். பாடகி பியான்சே 2018-ல் கோச்செல்லா இசைவிழா மேடையில் அதைத்தான் கொண்டுவந்து நிறுத்தினார். 1911-ல் எல்லாரையும் “வீட்டுக்கு வாருங்கள்” என்ற மிசௌரியில், ஒரு கறுப்பின மாணவர் உள்ளே நுழைய 1950 வரை ஆனது. தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் உற்சாகம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

குடி, கும்மாளம் என்று கேள்விப்படுகிறோம். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், எச்சரிக்கை வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டுச் சாப்பிடுவது டெயில்கேட். அங்கே பீர் ஓடும். 21 வயதுக்குக் கீழ் மது வாங்கக் கூடாது. மாநிலங்களை இந்த வயது வரம்புக்கு இழுத்து வந்தது 1984-ல் வந்த மத்தியச் சட்டம்.

வெளிநாட்டு மாணவருக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு 2015 முதல் வழி இருக்கிறது. உடனே நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அக்கா கல்யாணத்துக்கு ஊர் வந்தவர் புது விசா வாங்காமல் திரும்பிப் போக முடியாது. அன்றைக்கு வண்டிச் சாவியையே தொடாதே என்று சொல்லி வையுங்கள்.

கூட்டத்தின் ஆபத்தையும் மறைக்க வேண்டாம். 2015 அக்டோபரில், மேலே சொன்ன அதே ஸ்டில்வாட்டரில் ஹோம்கமிங் ஊர்வலம் பார்க்க நின்றவர்கள் மீது ஒரு கார் பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். மைதானங்களில் பை சோதனை கடுமை. பல இடங்களில் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிப்பார்கள்.

கடைசியில் பழைய மாணவர்களிடம் பணம் பிடுங்கும் ஏற்பாடுதானே?

பாதி உண்மை. வளாகத்தைச் சுற்றிக் காட்டி, பழைய ஞாபகத்தைக் கிளறி, நன்கொடைப் படிவத்தை நீட்டுவது அங்கே கூச்சப்படுகிற விஷயமே அல்ல. வெகுகாலம் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. யுஎஸ் நியூஸ் வெளியிடும் கல்லூரித் தரவரிசையில், பழைய மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் நன்கொடை கொடுத்தார்கள் என்பதற்கு மதிப்பெண் இருந்தது. எவ்வளவு தொகை என்பதல்ல, எத்தனை பேர் என்பதே கணக்கு. அதனால் ஐந்து டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள். 2023-ல் வெளியான பட்டியலிலிருந்து அந்த அளவுகோலை எடுத்துவிட்டார்கள்.

ஃபுட்பாலில் நல்ல இருக்கை வாங்கும் உரிமைக்காகத் தரும் நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கும் இருந்தது. 2017-ல் வந்த வரிச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. மிசௌரியின் ஹோம்கமிங்கே டிக்கெட் கவலையில் பிறந்தது என்பதை நினைத்தால், இந்தக் காசுக் கணக்கு நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட கெடுதல் இல்லை. படிக்கிற பிள்ளையிடம் யாரும் நன்கொடை கேட்கப்போவதில்லை, கவலை வேண்டாம்.

நாங்களும் அந்த வாரம் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். மைதானத்துக்குள் போக டிக்கெட் வேண்டும், விலை சுருக்கென்று இருக்கும். பெற்றோருக்கென்றே குடும்ப வார இறுதி என்று தனி நாள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அது வேறு, இது வேறு. கல்லூரி ஊர்கள் பெரும்பாலும் சின்ன ஊர்கள் என்பதால், ஹோம்கமிங் சமயத்தில் ஓட்டல் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். மிஞ்சியிருக்கும் அறைக்கும் வாடகை எகிறும். திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அதற்கு அடுத்த வாரம் போங்கள்.