அடிப்பலகை ஈரம் குடித்தால் இரயில் தடம் புரளும்

(தொலைக்காட்சி கருத்தரங்கில் வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)

மாதிரி இரயில் என்றதும் நம்மில் பலர் அதைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்றுதான் நினைக்கிறோம். கோலசிலாங்கூர் வட்டாரத்துக்காரனான எனக்கு அது விளையாட்டாக மட்டும் தெரியவில்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளான் பக்கமிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்கு ஒரு காலத்தில் இரயில் ஓடியது. அந்தத் தடம் நெடுங்காலத்துக்கு முன்பே மூடப்பட்டது. அதை நேரில் கண்டவரைத் தேடிப் பிடிப்பது இன்று அரிது. ஆனால் குவாங்கிலிருந்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன தடம் அப்படியல்ல. 1915-இல் தொடங்கிய அந்தச் சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. கரி ஏற்றிய பெட்டிகளைச் சிறு வயதில் எண்ணி விளையாடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு மாதிரி செய்து வைத்தால், தோட்டத்தையே பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு பாடமாகும்.

அந்த எண்ணத்தில்தான் சில இளைஞர்களோடு சேர்ந்து ஒரு மாதிரியைச் செய்தேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு பெரியவர் ஆசையாகப் பார்க்க வந்த நாளில், இரயில் ஒரே இடத்தில் நான்கு முறை கவிழ்ந்தது. பெட்டியிலோ தண்டவாளத்திலோ கோளாறு இல்லை. அடிப்பலகை நடுவில் வளைந்திருந்தது. மேல்புறம் மட்டும் சாயம் பூசி, கீழ்ப்புறத்தை அப்படியே விட்டிருந்தேன். தவறு என்னுடையதுதான்.

பலகை ஏன் வளைகிறது?

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் மறுபக்கம் மட்டும் உப்பி, பலகை வில்லாக வளையும். மாதிரியில் 0.5 மி.மீ. மேடு என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 1:87 அளவில் அது நிஜத் தடத்தில் 4 செ.மீ.க்கும் மேலான மேட்டுக்குச் சமம். எந்த இரயில் அதைத் தாங்கும்?

எந்தப் பலகை நல்லது?

அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட பிளைவுட்தான் நல்லது. ஓர் அடுக்கு விரிய முயன்றால் அடுத்த அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக இருக்கும். ஆனால் அதன் ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ரப்பர் மரப் பலகை வேண்டும் என்பவர்கள் பதப்படுத்தியதை மட்டுமே வாங்க வேண்டும். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றுவது அதற்காகத்தான்.

8 அடிக்கு 4 அடி பிளைவுட்டை நான்காக வெட்டினால், 4 அடிக்கு 2 அடியில் நான்கு பலகைகள் கிடைக்கும். 9 மி.மீ. கனம் போதும். கடையிலிருந்து வந்தவுடன் வேலையைத் தொடங்காதீர்கள். மாதிரி இருக்கப்போகும் அறையிலேயே, குச்சிகளின் மேல் படுக்கையாக ஒரு வாரம் வையுங்கள். பிறகு கீழே ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் கொடுங்கள்.

அடைக்கும் முறை

முதலில் மின்கம்பிக்கான துளைகளை எல்லாம் போட்டுவிடுங்கள். பூசிய பிறகு துளையிட்டால், அந்த வழியாக ஈரம் உள்ளே போகும். திருகாணிக் குழிகளை மரப்புட்டியால் நிரப்பி, 120 எண் மணல்தாளாலும் பிறகு 240 எண் தாளாலும் தேய்த்து, தூசியை ஈரமில்லாத துணியால் துடையுங்கள்.

அடுத்து சாண்டிங் சீலர். முதல் பூச்சைச் சற்று நீர்க்கக் கலக்கினால் மரத்துக்குள் நன்றாக இறங்கும். ஓரங்களில் தொடங்குங்கள். மரம் அதிகம் ஈரம் குடிப்பது வெட்டிய ஓரத்தில்தான் என்பதால், அங்கே ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும். காய்ந்ததும் நார்கள் சொரசொரப்பாக எழும்பும். 240 எண் தாளால் மெல்லத் தேய்த்து இரண்டாவது பூச்சு கொடுங்கள். மேலே எத்தனை பூச்சோ, கீழேயும் அத்தனை பூச்சு. இதை மட்டும் மறக்கவே கூடாது. மழை நாளில் பூச வேண்டாம். கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். அருகில் நெருப்பு ஆகாது.

“வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசினால் செலவு குறையுமே?” என்று ஓர் அன்பர் கேட்டார். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். தண்டவாளத்துக்கு அடியில் சல்லி ஒட்டும்போது பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பசையைத்தான் ஊற்றுகிறோம். அந்த ஈரத்திலிருந்து பலகையைக் காப்பதே சீலரின் வேலை.

காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் கறுத்த தடம் தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னொரு பூச்சு தேவை. பிறகு மேலே மண் நிறச் சாயம் அடியுங்கள். சல்லி உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பலகை பல்லிளிக்காது. நம் இரயில் ஒரு மீட்டர் அகலத் தடத்தில் ஓடியது. 1:87 அளவில் அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் சரியாகப் பொருந்தும்.

நாங்கள் பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்தோம். இப்போது ஓராண்டாகியும் வளையவில்லை. அந்தப் பெரியவரை மறுபடி அழைத்தோம். இரயில் கவிழாமல் ஓடுவதைப் பார்த்தவர், “கரி கொட்டுற இடம் இந்தப் பக்கம் இல்ல தம்பி, அந்தப் பக்கம்” என்று திருத்தினார். அந்த ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படித் திருத்திச் சொல்ல நம் வட்டாரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பலகையை எடுங்கள். கீழ்ப்புறத்தையும் பூசுங்கள்.