மலைமேல் பெய்யும் மழை

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி டீக்கடைகளில் அருவியைப் பற்றித்தான் பேச்சு. போன வாரம் கடைக்கார அண்ணாச்சி டீயை ஆற்றி வைத்துவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவை மறைத்துக்கொண்டு வெள்ளம் கொட்டுகிற வீடியோ.

"மதுரையில இருந்து தங்கச்சி வீட்டுல நாளைக்கு வாராவ. வேண்டாம்னு சொல்லிரவா தம்பி?"

வீடியோவில் பொய் எதுவும் இல்லை. அருவி குற்றாலம்தான், வெள்ளமும் வந்ததுதான். வந்தது வேறொரு வருஷமாக இருக்கலாம். தேதியை உருவிவிட்டால் போதும், உண்மையே பொய்யின் வேலையைச் செய்யும். தெரிந்த இடம் என்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமும் வராது.

அவருக்கு 2023 மார்ச்சில் நடந்ததைச் சொன்னேன். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு அவற்றில் இரண்டை எடுத்து விளக்கினார். இரண்டுமே முன்பு நடந்தவை. திருப்பூரில் மோதிக்கொண்டது பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே இரண்டு தரப்பு. கோவையில் மோதிக்கொண்டது உள்ளூர்க்காரர்கள். அடிதடி நிஜம், யார் யாரை அடித்தார்கள் என்பதை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஹோலி வேறு நெருங்கியிருந்தது. வருஷாவருஷம் பண்டிகைக்கு ஊர் போகிற கூட்டம் ரயில் நிலையங்களில் நின்றது. உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று அதற்கும் கதை கட்டினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து விசாரித்துப் போனது. யூடியூபர்கள் மீது மட்டுமல்ல, இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீதும் தமிழ்நாடு போலீஸ் வழக்குப் பதிந்தது.

"பேப்பர்காரனே போட்டாம்னா பெறகு யாரத்தான் நம்ப?" என்றார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. 2016 நவம்பரில் புது 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்று டிவியிலேயே சொன்னார்கள். அவரும் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். தப்பைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத் திருத்தத்தை மூலையில் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அதில்தான் வாசகரின் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது என்று நினைக்கிறேன்.

அதற்காக எல்லாமே பொய் என்று இருந்துவிட முடியுமா? குற்றாலத்தில் முடியாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டுக்குள் மழை பெய்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் எப்போது இறங்கும் என்பது அருவிக்கடியில் நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்த வீடியோவும் இதே போன்களில்தான் வந்தது. அது உண்மை. பழைய வெள்ளத்தைப் புதுசு என்று நாலு தடவை காட்டி ஏமாற்றியவனால், ஐந்தாவது தடவை நிஜமாகவே எச்சரிக்கை வரும்போது ஊர் அசையாமல் நிற்கும். எனக்குப் பயம் அதில்தான்.

அண்ணாச்சியின் வீடியோவுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை கைமாறி வந்தது என்று வாட்ஸ்அப் போடுகிற அடையாளம் அது. அப்படிப்பட்டதை ஒரே நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். எடுத்தவர் யார், என்றைக்கு எடுத்தார் என்பதற்கு வீடியோவில் ஒரு தடயமும் இல்லை. "அருவிப் பக்கத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

இருந்தார். பேரருவிக்குப் போகிற வழியில் சிப்ஸ் கடை போட்டிருப்பவர். அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டார். தண்ணீர் சுமாராக விழுகிறது, குளிக்க விடுகிறார்கள் என்று பதில் வந்தது. அடுத்து தங்கச்சிக்குப் போட்டார்.

"இன்னைக்கி ஒண்ணும் இல்லம்மா. காலையில பொறப்படுறதுக்கு முன்னாடி ஒருக்கா கூப்பிடு, கேட்டுச் சொல்லுதேன்."