நீர்கொழும்புக்குப் பழைய வழி

கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்பட்டபின் நீர்கொழும்பு செல்வோர் பலர் அதனையே நாடுகின்றனர். விரைவு உண்டு; வேறென்ன கண்டனர்?

கொட்டாஞ்சேனையிலிருந்து களனியாற்றைக் கடந்து, வத்தளையில் இடப்புறம் திரும்பி, ஹெந்தளை, பமுணுகம ஊடாகச் செல்லும் தெருவே எனக்கு உவப்பானது. அதற்குத் துணையாய் வருவது ஹமில்டன் கால்வாய். முத்துராஜவெலச் சதுப்பின் உவர்நீரை வடிப்பதற்கென ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி, 1804இல் முடித்தனர், நீளம் 14.5 கிலோமீற்றர். ஆயினும் சதுப்பு சதுப்பாகவே நிற்கிறது. கொக்கும் நாரையும் அதற்காக வருந்துவதாகத் தெரியவில்லை.

பமுணுகமவுக்கு அப்பால் நிலம் ஒடுங்கி, இடக்கையில் கடலும் வலக்கையில் களப்புமாய் விரிய, வழி நீர்கொழும்பு மீன்கரையில் முடிகிறது. அங்கே மீனவர் சிலர் இன்றும் ஒரு தனித்தமிழ் பேசுகின்றனர். எழுவாய்க்கேற்ப அதன் வினைமுற்று மாறுவதில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் ஒரே வடிவு. முதன்முறை கேட்டபோது, வகுப்பறைப் பழக்கத்தால், முதியவர் ஒருவரைத் திருத்திவிட்டேன். அவர் முறுவலித்தார், பின்னர் சிங்களத்திலேயே பேசினார்.

அக்கரையில் தமிழ்க் குடும்பங்கள் பல சென்ற நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறியதை நூல்களிற் படித்திருந்தேன். அன்று அதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன் என நாணினேன்.

மறுமுறை போனபோது இறால் விலையை மட்டும் கேட்டேன். தமிழிற் சொன்னார்.