கடைசி வரியில் கிடந்த கணக்கு

மும்பையில் நரிமன் பாயிண்ட், அந்தேரி, தானே என்று எங்கே வேலை பார்த்தாலும், நம்மவர்கள் பலருக்கு இந்த வேலை எப்போதாவது வந்து சேரும். "வெள்ளிக்கிழமை பார்ட்டி வருகிறது. நம் செக்‌ஷன் சார்பில் ஒரு பிரசென்டேஷன். நாலு பேரும் சேர்ந்து தயார் செய்யுங்கள்" என்று மானேஜர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதன் பிறகு நடப்பது அநேகமாக எல்லா ஆபீசிலும் ஒன்றுதான். கணக்குப் பார்ப்பவர் எண்களை எடுத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயாரிக்கிறார். இங்கிலீஷ் சரளமாக வருகிறவர் எழுந்து பேசுகிறார். எண்களைக் கொடுத்தவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பல இடங்களில் அந்தக் கடைசி நாற்காலி நம்மவருடையது.

விஷயம் தெரிந்தவர் ஒருவர், பேசுகிறவர் வேறொருவர். இதனால் ஆர்டர் கைவிட்டுப் போவது உண்டு. விஷயம் சரியாகப் போய்ச் சேராததால் உயிர்கள் போனதும் உண்டு.

கல்பனா சாவ்லா சென்ற ஓடம்

2003-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் அதில் இருந்தனர்.

கிளம்பிய 82-வது வினாடியில், எரிபொருள் டாங்கியின் மேல் பூசியிருந்த நுரைப்பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் திரும்பி வரும்போது ஆபத்து உண்டா என்று கண்டுபிடிக்க ஒரு என்ஜினீயர் குழு உட்கார்ந்தது.

ஜனவரி 24-ந் தேதி காலையில் குழுவினர் தங்கள் முடிவை விளக்கினார்கள். அறை நிரம்பி, சிலர் வெளியே நடையில் நின்று கேட்டார்கள்.

அவர்கள் காட்டிய ஸ்லைடுகளில் ஒன்று பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. பழைய சோதனைகளைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்று தோன்றும்படி அதற்குத் தலைப்பு இருந்தது. அதன் கீழே அடுக்கடுக்காகப் பொடி எழுத்து வரிகள். "குறிப்பிடத்தக்க" என்று பொருள்படும் சொல் மட்டும் 5 தடவை வந்தது. குறிப்பிடத்தக்க என்றால் எவ்வளவு? அதுதான் இல்லை.

கடைசி வரியில் இரண்டு எண்கள் கிடந்தன. மோதிய துண்டின் அளவு சுமார் 1920 கன அங்குலம். பழைய சோதனையில் எறிந்து பார்த்த துண்டு 3 கன அங்குலம்.

அதாவது 640 மடங்கு!

தீப்பெட்டியை எறிந்து பார்த்துவிட்டு, சூட்கேஸ் விழுந்தாலும் ஓடு உடையாது என்று சொல்வது போலத்தான் இது. அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. அது தலைப்பில் இல்லை.

அதோடு முடியவில்லை. அந்தக் கூட்டத்தின் சாரத்தை ஒருவர் எடுத்துச் சென்று, மேல் அதிகாரிகள் கூட்டத்தில் சில நிமிடங்களில் வாய்மொழியாகச் சொன்னார். குழுவினரின் சந்தேகங்களில் பெரும்பகுதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

பிப்ரவரி 1-ந் தேதி திரும்பி வரும் வழியில், டெக்சாஸ் வானத்தில் ஓடம் சிதறியது. 7 பேரும் மாண்டனர்.

அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்திருந்ததால் அது பழகிப்போயிருந்தது. இறக்கையைப் படம் பிடித்துத் தாருங்கள் என்று என்ஜினீயர்கள் கேட்டதும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியான விசாரணைக் குழு அறிக்கை, இந்த ஸ்லைடை அப்படியே அச்சிட்டுக் குறை சொன்னது. யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டஃப்டி என்பவர் வரிவரியாக அலசியதையும் எடுத்துக் காட்டியது.

நம் ஆபீசில்

பிவண்டி கிடங்கில் இருந்து ஒரு பார்ட்டிக்கு தினமும் 400 பெட்டி அனுப்புவதாகச் சொல்லப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இதுவரை அனுப்பியதில் அதிகபட்சம் 90. இதை ஒன்பதாவது ஸ்லைடின் அடியில் போட்டுவிட்டு, "சிறந்த சேவை" என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகும்? எதிரே இருப்பவர் அதைக் கண்டுபிடித்தால் ஆர்டர் போகும். கண்டுபிடிக்காவிட்டால் ஆர்டர் கிடைத்து, அடுத்த மாதம் மானம் போகும்.

"இன்று 90 அனுப்புகிறோம். 400-க்கு இன்னும் மூன்று வண்டி, இரண்டு மாத அவகாசம் வேண்டும்" என்று முதல் ஸ்லைடிலேயே போடுங்கள். வியாபாரிக்கு இந்தப் பேச்சு பிடிக்கும்.

வேலையைப் பங்கு போடும்போது, "முதல் ஐந்து ஸ்லைடு உனக்கு, அடுத்த ஐந்து எனக்கு" என்று பிரிப்பது வழக்கம். அது சரிப்படாது. வருகிறவர் என்னென்ன கேட்பார் என்று முதலில் எழுதுங்கள். விலை, தேதி, உடைந்தால் யார் பொறுப்பு என்று கேள்விகள் வரும். ஒவ்வொரு கேள்வியையும் ஒருவர் எடுத்துக் கொள்ளட்டும். தலைப்புகளை மட்டும் ஒரே ஆள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சரக்கு நாலு ஸ்லைடில் நாலு பெயரில் வரும்.

ஒத்திகை அவசியம். மனதுக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நாலு பேரும் நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் பேச வேண்டும். பக்கத்து செக்‌ஷனில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவருக்குப் புரியாத இடம் பார்ட்டிக்கும் புரியாது. 20 நிமிடம் கொடுத்திருந்தால் 15 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். பெரிய மனிதர்கள் தாமதமாக வருவார்கள், சீக்கிரம் எழுந்து போவார்கள்!

கேள்வி நேரம்

கேள்வி வரும்போதுதான் குழு உடைகிறது. பேசுகிறவர் தெரியாத எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்வார். தெரிந்தவர் பின்னால் நெளிவார்.

கணக்குப் போட்டவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். "இதற்கு இவர் பதில் சொல்வார்" என்று பேசுகிறவர் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். "என் இங்கிலீஷ் போதாதே" என்று தயங்க வேண்டாம். எண்ணும் காரணமுமாக இரண்டு வாக்கியம் போதும். அதையும் ஒத்திகையில் பழகிவிடலாம். இந்தியில் சொன்னாலும் மும்பையில் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

இன்னொன்று. கூட்டத்துக்கு வருகிறவர், முடிவு செய்கிறவராக இருக்க மாட்டார். அவர் திரும்பிப் போய்த் தன் முதலாளியிடம் இரண்டு நிமிடத்தில் சொல்வதுதான் முதலாளிக்குத் தெரியும். ஆகவே அவர் கையில் ஒரே ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள். நம்மால் முடிவது, முடியாதது, இன்னும் உறுதியாகாதது எல்லாம் எண்ணோடு அதில் இருக்கட்டும். தாளின் அடியில், பேசியவர் பெயரோடு கணக்குப் போட்டவரின் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும்.