முயலும் வாழட்டும், பூவும் மலரட்டும்!

உங்கள் லயத்தில் முயல் வளர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் சொல்லுங்கள்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் அழுத கண்ணோடு பள்ளிக்கு வந்தான். அவனுடைய இரண்டு முயல்களும் கூண்டைவிட்டு வெளியேறி, பக்கத்து வீட்டு அம்மா திருவிழா மாலைக்காக வளர்த்த சாமந்தியை அடியோடு கடித்துவிட்டன. "இன்னொரு தடவை வந்தால் எலி மருந்துதான் வைப்பேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஒரே சுவரின் இரு பக்கமும் வாழ்ந்தவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

இதில் முயலின் குற்றம் என்ன? அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கொறித்தாக வேண்டும். விடியலிலும் அந்திப் பொழுதிலும்தான் அது மும்முரமாக மேயும். விடியலில் நாம் பிரட்டுக்குக் கிளம்பிவிடுவோம். காவலுக்கு யார்?

மருந்து வைப்பதை மட்டும் நினைக்காதீர்கள். முயலுக்கு வைத்ததைக் கோழியும் தின்னும், நாயும் தின்னும். முற்றத்தில் தவழும் குழந்தையின் கையிலும் அது கிடைக்கும்.

வேறு வழி இருக்கிறது. கோழிக் கூண்டுக்கு அடிக்கும் வலைக் கம்பியை வாங்குங்கள். கண் ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பாத்தியைச் சுற்றி இரண்டரை அடி உயரத்துக்கு அடியுங்கள். முயல் மண்ணைத் தோண்டும். ஆகவே கம்பியின் அடிப்பகுதியை அரை அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். கம்பி வாங்க வசதியில்லையா? இளங்கன்றுகளை மட்டுமாவது அடிப்பக்கம் வெட்டிய பழைய பால்டின்களால் மூடி வையுங்கள்.

முயல் வளர்ப்பவர்களுக்கும் கடமை உண்டு. கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, நிழலில் வையுங்கள். முயல் வெயில் தாங்காது. நிறையப் புல் போடுங்கள். அரளி இலையும் பூவும் நஞ்சு, அவற்றைக் கொடுக்கவே கூடாது. ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடாதீர்கள். சினையான முயல் சுமார் ஒரு மாதத்தில் குட்டி போட்டுவிடும். ஓர் ஈற்றிலேயே பல குட்டிகள்!

முன்கூட்டியே யோசிக்காததன் பலனை ஆஸ்திரேலியா கண்டது. 1859ல் விக்டோரியாவில் ஒருவர் வேட்டைக்கென்று சில முயல்களைத் திறந்துவிட்டார். அவை நாடெங்கும் பெருகின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,800 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான வேலியை 1907ல் கட்டி முடித்தார்கள். அதற்குள் முயல்கள் அந்தப் பக்கமும் போய்விட்டன! வேலி முதலில், முயல் பிறகு என்பதே பாடம்.

இன்னொரு நல்ல செய்தி: முயல் புழுக்கை அருமையான எரு. மட்க வைக்காமலே செடிக்குப் போடலாம்.

அந்த மாணவனும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பாத்திக்கு வேலி அடித்துக் கொடுத்தார்கள். வாரம் ஒரு வாளி புழுக்கையை அவனே கொண்டுபோய்க் கொட்டுகிறான். பெரியவர்களுக்குள் பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை அந்த அம்மா சமையலுக்கு அரிந்த கீரையின் தண்டுகளை வேலிக்கு மேலாக நீட்டி, "இந்தா, உன் முயலுக்குப் போடு" என்றாராம். அவன் என்னிடம் சொன்னபோது முகமெல்லாம் சிரிப்பு.